இலையைப் பறித்தால் நடு தெரியும்!

ஒன்பது ஊர்கள். ஒரே ஒரு டாக்டர்.

அவர் எந்த ஊரில் குடியிருக்க வேண்டும்?

"இதில் என்ன யோசனை? நடு ஊரில் இருக்கட்டும்!" என்பீர்கள்.

சரி, நடு ஊர் எது?

இங்கேதான் தகராறு தொடங்கும். "எங்கள் ஊரில்தான் நாலு ரோடு கூடுகிறது. அதுதான் நடு" என்பார் ஒருவர். "அந்த ஊர் ஒரு ஓரம். எங்கள் ஊர்தான் நடு" என்பார் இன்னொருவர். கடைக்கோடி ஊர்க்காரர் வாயே திறக்க மாட்டார். டாக்டர் எங்கே இருந்தாலும் தமக்குத் தொலைவுதான் என்று அவருக்குத் தெரியும். நடுராத்திரியில் வீட்டில் ஒருத்திக்குப் பிரசவ வலி கண்டால், வண்டி தேடி ஓடப் போகிறவர் அவர்தான்!

இந்தத் தகராறைத் தீர்க்க ஒரு கணக்கு இருக்கிறது. அதற்குப் பெருக்கல், வகுத்தல்கூட வேண்டாம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தெரிந்தால் போதும். பள்ளிக்கூடப் பிள்ளையும் போடலாம். பாட்டியும் போடலாம்.

பென்சிலை எடுங்கள்

ஒரு காகிதத்தில் ஏழு புள்ளிகள் வையுங்கள். ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஊர். 1 முதல் 7 வரை நம்பர் போடுங்கள். 1-ஐயும் 2-ஐயும் ஒரு கோட்டால் சேருங்கள். 2-ஐயும் 3-ஐயும் சேருங்கள். இப்படியே 7 வரை போங்கள். கோடுதான் ரோடு.

வரிசை நேராக இருக்க வேண்டியதில்லை. நடுவே ஓர் ஆறு ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்கள் ஆற்றின் இக்கரையில் தொடங்கி, சுற்றிக்கொண்டு, அக்கரையில் முடிகின்றன. மாட்டு லாடம் போன்ற வளைவு. 1-ம் ஊரும் 7-ம் ஊரும் எதிரெதிர்க் கரையில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. ஆனால் ஆற்றைக் கடக்கப் பாலம் இல்லை.

இன்னும் இரண்டு ஊர்கள் பாக்கி. அவை 8, 9. இரண்டையும் 2-ம் ஊருடன் சேருங்கள். ஆக, 2-ம் ஊரில் நாலு ரோடு கூடுகிறது. அங்கேதான் சந்தை.

எல்லா ரோட்டுக்கும் நீளம் ஒன்றே. ஐந்து கிலோ மீட்டர்.

இப்போது படத்தைப் பாருங்கள். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் ஒரே ஒரு வழிதான். சுற்றி வந்து சேரும் வளையம் எங்கும் இல்லை. இப்படிப்பட்ட படத்துக்குக் கணிதக்காரர்கள் "மரம்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் பொருத்தம்தான். மரத்தில் கிளை பிரியும். பிரிந்த கிளைகள் மறுபடி ஒன்று சேரா. குடும்பத்தின் வம்சாவளிப் படம் ஒரு மரம். உபநதிகள் வந்து கலக்கும் ஆறும் பெரும்பாலும் ஒரு மரம். புள்ளிக்கோலம் மரம் அல்ல. அதில் வளையம் இல்லாமல் அழகேது?

ஒரே ஒரு ரோடு மட்டும் உள்ள ஊர் "இலை". நம் படத்தில் 1, 7, 8, 9 ஆகிய நாலும் இலைகள்.

நடு என்றால் என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். டாக்டர் ஓர் ஊரில் இருக்கிறார். அங்கிருந்து மிகத் தொலைவான ஊர் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். அந்தத் தூரம் எந்த ஊருக்கு மிகக் குறைவோ, அதுவே நடு. அதாவது, கடைக்கோடிக்காரர் படுகிற பாட்டை எந்த ஊர் மிகவும் குறைக்கிறதோ, அது.

நாலு ரோடு கூடும் 2-ம் ஊரைப் பாருங்கள். அங்கிருந்து 7-ம் ஊருக்கு ஐந்து ரோடு தாண்ட வேண்டும். 25 கிலோ மீட்டர்! நாலு ரோடு கூடினால் நடு என்று சொன்னவர் தோற்றார்.

பறியுங்கள்!

இலைகளை எல்லாம் ஒரே தடவையில் பறித்து எறியுங்கள். 1, 7, 8, 9 போயிற்று. ரப்பரால் அழித்துவிடுங்கள்.

மிச்சம் 2, 3, 4, 5, 6. இப்போது 2-க்கும் ஒரு ரோடுதான். 6-க்கும் ஒரு ரோடுதான். அவை புது இலைகள். அவற்றையும் பறியுங்கள்.

மிச்சம் 3, 4, 5. இதில் 3-ம் 5-ம் இலைகள். பறியுங்கள்.

மிச்சம் 4.

அதுதான் நடு! டாக்டர் 4-ம் ஊரில் இருந்தால், மிகத் தொலைவான ஊருக்கும் மூன்றே ரோடு. 15 கிலோ மீட்டர்.

எத்தனை தடவை பறித்தோம்? மூன்று. மிகத் தொலைவான ஊர் எத்தனை ரோடு? மூன்று. இது தற்செயல் அல்ல. ஒரே ஓர் ஊர் மிஞ்சினால், பறித்த தடவையும் தொலைவும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும்.

இது எப்படிப் பலிக்கிறது? காரணம் எளியது.

நீங்கள் எந்த ஊரில் நின்றாலும், உங்களுக்கு மிகத் தொலைவான ஊர் ஓர் இலையாகத்தான் இருக்கும். இலை இல்லாவிட்டால் அதைத் தாண்டி இன்னும் ஒரு ரோடு போகலாமே! அப்புறம் அது எப்படி மிகத் தொலைவாகும்? ஆகவே இலைகளை எல்லாம் பறித்துவிட்டால், மிஞ்சிய ஒவ்வோர் ஊருக்கும் அதன் மிகத் தொலைவு சரியாக ஒன்று குறைகிறது. எல்லாருக்கும் ஒன்று. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு மார்க் குறைத்தால் என்ன ஆகும்? முதல் பிள்ளை முதல் பிள்ளைதான். அதுபோல, பறிப்பதற்கு முன் எது நடுவோ அதுவே பறித்த பின்னும் நடு.

சில மரங்களில் கடைசியில் இரண்டு ஊர் மிஞ்சும். 7-க்கு அப்பால் 10-ம் ஊர் என்று ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். மூன்று தடவை பறித்ததும் 4-ம் 5-ம் மிஞ்சும். இரண்டும் நடு. இரண்டுக்கும் சமமான தொலைவு. ஆனால் மூன்று ஊர் மட்டும் ஒருபோதும் மிஞ்சாது. மூன்று இருந்தால் இரண்டு ஓரத்தில் இருக்கும். நடுவில் ஒன்று இருக்கும். ஓரத்தைப் பறித்துவிடலாமே!

ஆறு பக்கக் கட்டுரை

மரத்துக்கு நடு ஒன்று, அல்லது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு. அதற்கு மேல் கிடையாது. இதை 1869-ம் ஆண்டில் நிரூபித்தவர் காமீல் ஜோர்டான் என்ற பிரெஞ்சுக்காரர். லியோன் நகரில் பிறந்தவர். படிப்பால் என்ஜினீயர். அப்போது அவருக்கு வயது 31. கட்டுரை ஆறே பக்கம். அது ஒரு ஜெர்மன் பத்திரிகையில் வெளிவந்தது. மறு ஆண்டே பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் போர் மூண்டது. கணக்குக்கு எல்லைக்கோடு இல்லை போலும்!

ஜோர்டான் பின்னாளில் பெரும் புகழ் பெற்றார். அவர் பட்ட துயரமும் பெரிது. முதல் உலகப் போரில் தம் பிள்ளைகளில் மூவரைப் பறிகொடுத்தார். 1922-ல் பாரிசில் காலமானார்.

"மரம்" என்ற பெயரைக் கணிதத்துக்குக் கொண்டுவந்தவர் ஆர்தர் கேலி. இங்கிலாந்துக்காரர். 1857-ல் எழுதிய கட்டுரையில் இந்தப் பெயரை வைத்தார். அப்போது அவர் தொழிலால் வக்கீல்! பதினாலு ஆண்டு லண்டனில் சொத்துப் பத்திரங்கள் எழுதிப் பிழைத்தார். பத்திரத்துக்கும் பத்திரத்துக்கும் நடுவில் கணக்குப் போட்டார். 1863-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பேராசிரியர் வேலை தந்தது. வக்கீல் தொழிலில் வந்ததைவிடச் சம்பளம் மிகக் குறைவு. இருந்தும் போனார்.

இந்தக் கேலிக்கு மரத்தின் நடு எதற்குத் தேவைப்பட்டது? ஊருக்காக அல்ல. எண்ணெய்க்காக!

பெட்ரோல், மண்ணெண்ணெய், சமையல் காஸ் எல்லாவற்றிலும் கரி அணுக்கள் சங்கிலி போலக் கோத்திருக்கின்றன. கோத்திருக்கும் விதம் பெரும்பாலும் மரம் போல இருக்கும். நாலு கரி அணு இருந்தால் இரண்டு விதமாகக் கோக்கலாம். நாலையும் வரிசையாகக் கோக்கலாம். அல்லது ஒன்றை நடுவில் வைத்து மற்ற மூன்றையும் சுற்றிக் கோக்கலாம். சமையல் காஸ் சிலிண்டரில் இந்த இரண்டு வகைப் பூட்டேனும் இருப்பதுண்டு. ஐந்து அணு இருந்தால் 3 விதம். ஆறு இருந்தால் 5 விதம். ஏழு இருந்தால் 9 விதம். பத்து இருந்தால் 75 விதம்!

இதை எப்படி எண்ணுவது? ஒரே மரத்தை இந்தப் பக்கம் பிடித்துத் தூக்கினால் ஒரு மாதிரி தெரியும். அந்தப் பக்கம் பிடித்தால் வேறு மாதிரி தெரியும். ஒன்றையே இரண்டு, மூன்று என்று எண்ணிவிடும் அபாயம் உண்டு. ஒவ்வொரு மரத்தையும் அதன் நடுவைப் பிடித்தே தூக்குவது என்று விதி வைத்துக்கொண்டால் அந்தக் குழப்பம் இல்லை. நடுவைத்தான் மாற்ற முடியாதே! 1875-ல் கேலி இந்த வழியில் 13 அணு வரைக்கும் எண்ணிப் பட்டியல் போட்டார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். எல்லாம் கையெழுத்துக் கணக்கு. கடைசி இரண்டு வரியில் மட்டும் கை சறுக்கியது. 12 அணுவுக்கு 357 என்று எழுதினார். சரியான விடை 355. 13 அணுவுக்கு 799 என்றார். சரியான விடை 802. பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள்.

பத்து லட்சம் புள்ளிகள்

ஒன்பது ஊருக்கு எந்த வழியிலும் விடை காணலாம். பத்து லட்சம் புள்ளி உள்ள மரமானால்?

இன்று கம்ப்யூட்டரில் அவ்வளவு பெரிய மரங்கள் சர்வசாதாரணம். அங்கே வழி சரியாக இருந்தால் மட்டும் போதாது. சீக்கிரமாகவும் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு புள்ளியிலும் நின்று மற்ற எல்லாப் புள்ளிக்கும் தூரம் அளந்தால், பத்து லட்சத்தைப் பத்து லட்சத்தால் பெருக்க வேண்டும். ஒரு லட்சம் கோடி வேலை! ஒரு கம்ப்யூட்டர் விநாடிக்குப் பத்துக் கோடி வேலை செய்கிறது என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சரி, இலை பறிக்கலாம். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. புதிதாகக் கற்பவர்கள் ஒவ்வொரு தடவை பறித்த பிறகும், "இப்போது யார் இலை?" என்று மிஞ்சிய புள்ளிகள் எல்லாவற்றையும் முதலிலிருந்து தேடுவார்கள். பத்து லட்சம் புள்ளியும் ஒரே நீள வரிசையாக இருந்தால், ஒரு தடவைக்கு இரண்டு இலைதான் கிடைக்கும். ஐந்து லட்சம் தடவை தேட வேண்டும். கூட்டிப் பார்த்தால் 25 ஆயிரம் கோடி!

கெட்டிக்காரர் அப்படித் தேட மாட்டார். ஒரு நோட்டு போடுவார். ஒவ்வொரு ஊர்ப் பெயருக்கும் எதிரில், அதற்கு எத்தனை ரோடு என்று எழுதுவார். ஓர் இலையைப் பறித்ததும், அது ஒட்டியிருந்த பக்கத்து ஊரின் எண்ணில் மட்டும் ஒன்றைக் குறைப்பார். குறைந்து குறைந்து அந்த எண் 1 ஆனதும், அந்த ஊரை அடுத்த சுற்றுக்கான கியூவில் நிறுத்துவார். வேறு யாரையும் திரும்பிப் பார்க்க மாட்டார். ஒவ்வோர் ஊரும் கியூவில் ஒரே தடவைதான் நிற்கும். ஒவ்வொரு ரோட்டையும் ஓரிரு தடவைதான் தொடுவார். பத்து லட்சம் புள்ளிக்குச் சில பத்து லட்சம் வேலை. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்!

இரண்டே முக்கால் மணி எங்கே, இமைக்கும் நேரம் எங்கே? இயந்திரம் அதே இயந்திரம்தான்.

கயிறும் மணியும்

இன்னொரு வழியும் உண்டு. இதைச் சிறுவர்கள் செய்து பார்க்கலாம்.

ஒன்பது மணிகளை எடுத்து, ஊர்களைப் போலவே நூலால் கட்டுங்கள். ஏதாவது ஒரு மணியைப் பிடித்துத் தூக்குங்கள். மற்றவை தொங்கும். மிகக் கீழே தொங்கும் மணி எது? அதைப் பிடித்துத் தூக்குங்கள். இப்போது மிகக் கீழே தொங்குவது எது? கையில் இருக்கும் மணிக்கும், கீழே தொங்கும் மணிக்கும் இடையே உள்ள வழிதான் மரத்திலேயே மிக நீளமான வழி. அதன் பாதியில் விரலை வையுங்கள். அதுதான் நடு!

நம் ஊர்களில் 3-ஐப் பிடித்தால் 7 கீழே தொங்கும். 7-ஐப் பிடித்தால் 1, 8, 9 மூன்றும் ஒரே மட்டத்தில் தொங்கும். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். பாதி 4-ம் ஊரில்தான் விழும். ஹாலந்து நாட்டுக் கம்ப்யூட்டர் மேதை டைக்ஸ்ட்ரா 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சொன்ன வழி இது என்பார்கள்.

இந்தக் கயிற்று வழிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. ரோடுகள் நீளமும் குட்டையுமாக இருந்தாலும் இது ஏமாற்றாது. இலை பறிக்கும் வழி அங்கே ஏமாற்றிவிடும். ஐந்து ஊர் வரிசையாக இருக்கின்றன. முதல் ரோடு 50 கிலோ மீட்டர். மற்ற மூன்று ரோடும் ஐந்தைந்து கிலோ மீட்டர். கண்ணை மூடிக்கொண்டு பறித்தால் 3-ம் ஊர் மிஞ்சும். ஆனால் மொத்த வழி 65 கிலோ மீட்டர். பாதி 32 1/2. உண்மையான நடு, அந்த நீண்ட முதல் ரோட்டின் மேலேயே இருக்கிறது. ஊரே இல்லாத இடத்தில்!

உயிரியல் நிபுணர்களும் இந்தப் பாதி வழியைக் கையாளுகிறார்கள். கிருமிகளின் வம்சாவளியை மரமாக வரைந்தால், மூதாதை எங்கே இருந்திருக்கும் என்பது உடனே தெரியாது. மிக நீளமான வழியின் பாதியில் மூதாதையை வைக்கலாம் என்று 1972-ல் ஃபாரிஸ் என்ற அமெரிக்கர் யோசனை சொன்னார். எல்லாக் கிளைகளும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் மாறி வந்திருந்தால் இது சரியாக வரும். ஒரு கிளை மட்டும் தலைதெறிக்க ஓடியிருந்தால் தப்பாகிவிடும்.

கோதுமைக் களம்

இதுவரை ஒரு நடுவைத்தான் பார்த்தோம். ஜோர்டான் அந்த ஆறு பக்கத்திலேயே இன்னொரு நடுவையும் சொல்லியிருந்தார். அதை வயல் காட்டுக்கே கொண்டு போனவர் ஒரு சீனர்.

அவர் பெயர் ஹுவா லோ கெங். 1910-ல் ஜின்டான் என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். படிக்கப் பணம் இல்லை. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. கடையில் உட்கார்ந்துகொண்டே கணக்குப் புத்தகம் படித்தார். இருபது வயது நிறையுமுன் விஷஜுரம் கண்டது. உயிர் தப்பியது, இடது கால் போயிற்று. வாழ்நாள் முழுவதும் நொண்டி நடந்தார்.

அவர் எழுதிய ஒரு கட்டுரையைக் கண்டு சிங்குவா பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. 1936-ல் கேம்பிரிட்ஜ் போனார். பிறகு அமெரிக்காவில் பேராசிரியர் ஆனார். 1950-ல் சீனாவுக்கே திரும்பினார். உலகம் மெச்சும் கணித மேதை. பட்டி தொட்டிகளுக்குப் போய்க் குடியானவர்களுக்குக் கணக்குச் சொன்னார்.

1961-ல் அவரும் மற்றும் சிலரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கோதுமை அறுவடையில் கணிதத்தைக் கையாளுவது பற்றியது. கேள்வி இதுதான்: பல வயல்கள் இருக்கின்றன. வயல்களைச் சேர்க்கும் வழிகள் மரம் போலக் கிளை பிரிகின்றன. கதிர்க்கட்டுகளை எல்லாம் சுமந்து கொண்டுவந்து ஓரிடத்தில் அடிக்க வேண்டும். களத்தை எங்கே போடுவது?

இங்கே கடைக்கோடி வயலை மட்டும் பார்த்தால் போதாது. ஒவ்வொரு கட்டும் எத்தனை தூரம் போகிறது என்பதை எல்லாம் கூட்டிப் பார்க்க வேண்டும். மொத்தச் சுமை குறைய வேண்டும். 1959 முதல் 1961 வரை சீனாவில் கொடும் பஞ்சம். சுமக்கும் தோள்களிலும் வலுவில்லை. இந்தக் கணக்கு பஞ்சத்தைத் தீர்க்கவில்லை, தீர்க்கவும் முடியாது. ஒரு நடை குறைந்தால் ஒரு நடை மிச்சம், அவ்வளவுதான்.

இதற்கும் இலை பறிப்பதுதான் வழி. ஆனால் பறித்த இலையை எறியக் கூடாது! கடைசி வயலின் விளைச்சலை அடுத்த வயலின் கணக்கில் சேர்க்க வேண்டும். இப்படி உள்ளே தள்ளிக்கொண்டே வந்தால், எந்த இடத்தில் மொத்தத்தில் பாதி சேர்கிறதோ, அங்கே களம் போடலாம். எழுத்து வாசனை இல்லாதவர்களும் மனப்பாடம் செய்யும்படி இந்த விதியைப் பாட்டாகவே கட்டியிருந்தார்கள்.

இதில் ஓர் அதிசயம் இருக்கிறது. வழியின் நீளத்தை யாரும் கேட்கவே இல்லை! ஒரு வழி ஒரு பர்லாங்கு, இன்னொரு வழி பத்து பர்லாங்கு என்றாலும் களத்தின் இடம் மாறாது. விளைச்சல் எவ்வளவு என்பது மட்டுமே கணக்கு.

நம்ப முடியவில்லையா? நம் ஒன்பது ஊருக்கே போட்டுப் பார்ப்போம். சந்தை கூடும் 2-ம் ஊரில் 400 வீடு. மற்ற எட்டு ஊரிலும் நூறு நூறு வீடு. மொத்தம் 1,200. பாதி 600.

1, 8, 9 ஆகியவற்றின் வீடுகளை 2-ல் சேருங்கள். 400-ம் 300-ம் 700. பாதியைத் தாண்டிவிட்டது! இந்தக் கணக்கில் நடு 2-ம் ஊர்.

டாக்டரை 2-லிருந்து 3-க்கு நகர்த்திப் பாருங்கள். 500 வீட்டுக்காரர்களுக்கு ஒரு ரோடு மிச்சம். 700 வீட்டுக்காரர்களுக்கு ஒரு ரோடு நஷ்டம். ரோடு நீளமானால் லாபமும் நீளும். நஷ்டமும் அதே அளவு நீளும். எப்படியும் 700 பேர் பக்கம்தான் தட்டு தாழும். நீளத்தைக் கேட்காததன் ரகசியம் இதுதான்.

ஹுவா கடைசி வரை ஊர் ஊராகச் சுற்றினார். 1985-ல் ஜப்பானில் டோக்கியோ நகரில் ஒரு சொற்பொழிவு ஆற்றி முடித்ததும் மாரடைப்பால் காலமானார்.

எந்த நடு?

ஆக, ஒரே ஒன்பது ஊருக்கு இரண்டு நடு!

டாக்டர் 4-ம் ஊரில் இருந்தால், எந்த ஊர்க்காரருக்கும் 15 கிலோ மீட்டருக்கு மேல் இல்லை. ஆனால் வீட்டுக்கு ஒருவர் ஒரு தடவை வந்தால், எல்லாரும் நடந்த தூரம் மொத்தம் 12,000 கிலோ மீட்டர்.

2-ம் ஊரில் இருந்தால் மொத்தம் 9,000 கிலோ மீட்டர்தான். கால் பங்கு மிச்சம்! ஆனால் 7-ம் ஊர்க்காரர் 25 கிலோ மீட்டர் வர வேண்டும்.

எது சரி? கணக்கு இதற்கு விடை சொல்லாது. எதற்காக நடு என்று நாம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் ஹகீமி என்ற பேராசிரியர் 1964-ல் எழுதிய கட்டுரையில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். டெலிபோன் இணைப்பகம் எங்கே வைப்பது? அங்கே மொத்தக் கம்பியின் நீளம்தான் செலவு. ஆகவே கூட்டுத்தொகை குறைய வேண்டும். போலீஸ் நிலையம் எங்கே வைப்பது? அங்கே கடைசி வீட்டுக்கு எத்தனை நிமிஷத்தில் போய்ச் சேரலாம் என்பதே கேள்வி. ஆகவே மிகத் தொலைவு குறைய வேண்டும்.

சளி, இருமலுக்கு மருந்து வாங்க வருகிறவர்களைப் பார்த்தால் 2-ம் ஊர்தான் சரி. பாம்புக் கடிக்கும் பிரசவத்துக்கும் 4-ம் ஊர்தான் சரி என்பது என் எண்ணம். சராசரியைச் சொல்லி 7-ம் ஊர்த் தாயைத் தேற்ற முடியாது. 2-ம் ஊரின் 400 வீட்டுக்காரர்கள் இதை ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்!

பாலம் வந்தால்?

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. காகிதத்தை மறுபடி எடுங்கள். 1-ம் ஊரும் 7-ம் ஊரும் ஆற்றின் எதிரெதிர்க் கரையில் நிற்பதாகச் சொன்னோம் அல்லவா? அங்கே ஒரு பாலம் கட்டிவிட்டார்கள். 1-லிருந்து 7-க்கு ரோடு போட்டாயிற்று. அதுவும் ஐந்து கிலோ மீட்டர்.

இப்போது இலையைப் பறியுங்கள் பார்ப்போம். 8, 9 போகும். பிறகு? ஏழு ஊரும் வளையமாக நிற்கின்றன. எல்லாருக்கும் இரண்டு ரோடு. இலையே இல்லை! மரம் போய்விட்டது. பறிக்கும் வழி இங்கே செல்லாது. ஒவ்வோர் ஊரிலும் நின்று தூரத்தை எண்ணும் பழைய வழிதான் கதி.

எண்ணிப் பாருங்கள். 1, 2, 3, 4, 7 ஆகிய ஐந்து ஊரும் இப்போது நடு! ஐந்துக்கும் மிகத் தொலைவு 15 கிலோ மீட்டர்தான். 2-ம் ஊரும் அதில் ஒன்று. டாக்டர் அங்கே இருந்தால், வீட்டுக்கு ஒருவர் வருகிற மொத்தத் தூரம் 7,000 கிலோ மீட்டராகக் குறைகிறது. 7-ம் ஊர்த் தாய் பாலத்தின் வழியாகப் பத்தே கிலோ மீட்டரில் வந்து சேர்ந்துவிடுகிறாள்.